எட்டு நெடுக்கு, ஐந்து குறுக்கு

வடக்கு நோர்வே
14.10.1984

அன்புள்ள அக்காவுக்கு,

யேசு மரி சூசை துணை. உங்கள் தம்பி லியோன் இந்தக் குளிரிலும் காய்ச்சல் தடிமன் ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். உங்கள் பாடு எப்படி? அம்மாவின் முழங்கால் நோவு குறைந்ததா?

கல்லூரியில் பாடங்கள் தொடங்கிவிட்டன. சனி ஞாயிறுகளில் மீன் தொழிற்சாலையில் வேலை. குருநகர்க் கடற்கரையில் பிறந்தவன் மீன் வெட்ட நோர்வே வரைக்கும் போனானோ என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது.

ஒரு புதினமான விசயம் சொல்ல வேண்டும். என்னோடு மீன் வெட்டுகிற நோர்வேக்காரர் ஒருவரிடம் இரண்டு விளையாட்டுக் கொம்பியூட்டர்கள் பழுதாகிக் கிடந்தன. இரண்டு சனிக்கிழமை அவருக்குப் பதிலாக நான் வேலை செய்து இரண்டையும் வாங்கிவிட்டேன். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியளவு கறுப்புப் பெட்டிதான். அதை ரீவியில் கொழுவி, கசெற்றில் உள்ள விளையாட்டை ஏற்றினால், எழுத்துகளை அமத்தி அமத்தி ரீவிக்குள் வள்ளம் ஓட்டலாம். பெட்டிகளின் உள்ளே பழுதில்லை. குளிரில் கிடந்து எழுத்துப் பலகைகள்தான் வெடித்துப் போயின. புதுப் பலகை வாங்குகிற காசுக்கு நான் ஒரு மாதம் சாப்பிடலாம். அதனால் நாங்களே செய்ய வேண்டும்.

ஒன்றை நான் வைத்துக்கொண்டு மற்றதை உங்களுக்குக் கப்பல் பொதியில் அனுப்பியிருக்கிறேன். அதே விளையாட்டு இரண்டு பேரிடமும் இருக்கும். எடுத்த புள்ளியைக் கடிதத்தில் எழுதிப் போட்டி போடலாம்.

பொதி வந்ததும் பிரிக்காமல் றேடியோக் கடைத் தேவராசா அண்ணையிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டாம். நுணுக்கமான வேலை, உங்களுக்கேன் கரைச்சல்.

அம்மாவின் கன்னத்தில் என் முத்தத்தை வைத்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
லியோன்


குருநகர்
12.11.1984

தம்பி லியோனுக்கு,

கர்த்தர் உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும். அம்மாவின் முழங்கால் அப்படியே. என் இரண்டு கைகளும் நல்ல சுகம். கைகளை ஏன் தனியாக எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு உரத்து வாசித்தேன். "நீங்கள் கை வைக்க வேண்டாம்" என்ற வரியை மட்டும் விட்டுவிட்டேன். வாசித்திருந்தால் அம்மாவே உனக்குப் பதில் எழுதியிருப்பா, அது உனக்கு நல்லதில்லை. நுணுக்கமான வேலையாம். இறால் வலையில் அரை விரல் கண் கட்டுகிற கைக்கு நீ நுணுக்கம் சொல்லித் தருகிறாய்.

நீ வாத்தியார்மாரிடம் படித்தவன். நான் எட்டாம் வகுப்பு. அது எனக்குத் தெரியும், நீ ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் பெட்டியைச் செய்யப் போவது நான். தேவராசா அண்ணையிடம் தெரியாததைக் கேட்பேன், பெட்டியைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பலகைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று விளக்கமாக எழுது. சின்னப் பிள்ளைக்கு எழுதுவது போல எழுதாதே.

இப்போது வலை வேலை கொஞ்சம் குறைவு. எனக்கு நேரம் இருக்கிறது.

தொழிற்சாலையில் கையுறை போட்டு வேலை செய். அம்மா செபமாலை சொல்லும்போது உன் பேர் வருகிறது.

உன் அக்கா,
மக்டலீன்


வடக்கு நோர்வே
09.12.1984

அன்புள்ள அக்காவுக்கு,

பாலன் பிறக்கும் காலம், உங்கள் இருவருக்கும் சமாதானம் உண்டாகட்டும். எனக்குச் சுகத்தில் குறையில்லை, சூரியனில்தான் குறை. இங்கே இப்போது அது வருவதே இல்லை.

மன்னியுங்கள். கேட்டபடி விளக்கம் எழுதுகிறேன். எழுத்துகளின் கீழே எட்டுக் கம்பி நெடுக்காகவும் ஐந்து கம்பி குறுக்காகவும் ஓட வேண்டும். அவை சந்திக்கிற நாற்பது இடங்கள்தான் நாற்பது எழுத்துகள். விரலால் அமத்தும்போது மேற்கம்பி கீழ்க்கம்பியில் பட்டால், அந்தச் சந்தியின் எழுத்து ரீவியில் விழும். மோட்டார் சுற்றுகிற செப்புக் கம்பி போதும். அதன் மேலே ஒரு பூச்சு இருக்கும். சந்திகளில் அதைச் சுரண்டிவிட வேண்டும். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும், எந்த எழுத்தை முதலில் அமத்த வேண்டும் என்று பின்பக்கத்தில் கீறியிருக்கிறேன். நான் இங்கே ஈயத்தாளை அட்டையில் ஒட்டிச் செய்கிறேன், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பாதி முடிந்துவிட்டது.

இன்னொன்று. இந்தக் கல்லூரி மே மாதத்தோடு முடிகிறது. விசா யூலை வரைக்கும்தான். பக்கத்து ஊர்த் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தால் மூன்று வருடம் இருக்கலாம். யூன் பதினெட்டில் அங்கே ஒரு பரீட்சை. கையால் செய்த, வேலை செய்கிற ஒரு பொருளைக் கொண்டு போக வேண்டும். அதில் ஒரு பகுதியை அவர்கள் முன்னால் திரும்பச் செய்தும் காட்ட வேண்டும். நான் இந்தக் கொம்பியூட்டரைத்தான் கொண்டு போகப் போகிறேன். இடம் கிடைக்காவிட்டால் யூலைக் கடைசியில் உங்கள் முன்னால் வந்து நிற்பேன்.

கடலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. எப்படி இருக்கிறது?

அன்பு மறவாத தம்பி,
லியோன்


குருநகர்
22.01.1985

தம்பி லியோனுக்கு,

புது வருடம் உனக்கு நல்லபடி பிறந்திருக்கும் என்று நம்புகிறோம். நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். நத்தாருக்கு அம்மா பலகாரம் சுட்டா, உன் பங்கை நான் தின்றேன்.

பொதி வந்தது. வழியில் ஆரோ பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள், ஆனால் ஒன்றும் குறையவில்லை. பெட்டி, கறண்ட் கொடுக்கிற கட்டை, கசெற் எல்லாம் இருந்தன. பெட்டியைத் துணியால் துடைத்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா இரண்டு நாள் அதற்கும் சேர்த்துச் சிலுவை போட்டா.

பிறகு தேவராசா அண்ணையிடம் கம்பி கேட்கப் போனேன். "ஆர் செய்யப் போறது?" என்றார். "நான்தான்" என்றேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பிள்ளை, உது வலை இல்லை" என்றார். எட்டு நெடுக்கு, ஐந்து குறுக்கு, நாற்பது சந்தி. அது வலை இல்லையென்றால் வேறு என்ன? நீயும் ஏன் அவ்வளவு நீளமாக எழுதினாய்? வலை என்று ஒரு சொல் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எரிந்துபோன ஒரு மோட்டாரைத் தந்து, "கம்பியைக் கழட்டி எடு" என்றார். காசு வாங்கவில்லை. இரண்டு நாள் இருந்து கழற்றினேன்.

கறையான் அரித்த படம் ஒன்றின் சட்டத்தை எடுத்து அதிலே கட்டி முடித்துவிட்டேன். சுறா வந்தாலும் கிழியாது. பழைய றப்பர் செருப்பை வலை மிதப்புக்கு வெட்டுகிற மாதிரிச் சின்னச் சின்னதாக வெட்டி நாற்பது எழுத்துக் கட்டையும் செய்தாயிற்று. ஞாயிறு பூசை முடிய, அடுத்த வீட்டுத் தங்கமுத்து அக்காவின் ரீவியில் கொழுவிப் பார்க்கப் போகிறோம்.

யூன் பதினெட்டை நான் கலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். நீ மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைப் பார்.

உன் அக்கா,
மக்டலீன்


வடக்கு நோர்வே
17.02.1985

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சூரியன் திரும்பி வந்துவிட்டது, நானும் உசாராகிவிட்டேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என்னுடையது வேலை செய்கிறது! கசெற்றை ஏற்றினால் நீலக் கடலும் சிவப்பு வள்ளமும் வருகின்றன. மீன் பிடிக்க வேண்டும், பாறையில் முட்டக்கூடாது. முதல் நாளே 4,123 புள்ளி எடுத்தேன். முடிந்தால் அதை வெல்லுங்கள் பார்ப்போம்.

பரீட்சையை நினைத்து நீங்கள் யோசிக்க வேண்டாம். எல்லாம் ஒழுங்காகப் போகிறது.

உங்களுடையது ஓடியதா? கடலைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை.

என்றும் உங்கள்,
லியோன்


குருநகர்
25.03.1985

தம்பி லியோனுக்கு,

தவக்காலம் நடக்கிறது. அம்மா இறைச்சி தொடாமல் சுத்தபோசனம், நானும்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை.

இந்தக் கடிதம் இரண்டு மாதம் பிந்தியது என் வெட்கத்தால். இப்போது வெட்கம் போய்விட்டது, எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு தங்கமுத்து அக்கா வீட்டில் எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டுச் சனமும் முழுக்க வந்துவிட்டது. சிலர் இருந்து பார்க்க வாங்கும் கொண்டு வந்திருந்தார்கள். நான் பூசைக்கு உடுத்த சேலையோடு ரீவிக்கு முன்னால் இருந்தேன். ரீவி வெள்ளையாகி, கீழே ஒரு வரி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முதல் எழுத்தை அமத்தினேன், ஒன்றுமில்லை. அடுத்ததை அமத்தினேன். நாற்பதையும் அமத்தினேன். சவம் மாதிரிக் கிடந்தது. அரை மணித்தியாலம் கழித்துத் தங்கமுத்து அக்கா, "பிள்ளை, படம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டா. நான் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

அடுத்த நாள் தேவராசா அண்ணையே வீட்டுக்கு வந்தார். செருப்புத் துண்டுகளைத் தூக்கிக் கீழே பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எல்லாச் சந்தியையும் ஏன் பிள்ளை கட்டி வைச்சிருக்கிறாய்?"

"கட்டாட்டி மீன் ஓடிப்போகுமெல்லே."

"உதுக்குள்ளை ஓடுறது மீனில்லை, கறண்ட். நாப்பது எழுத்தையும் நீயே ஒண்டாய்க் கட்டிப்போட்டு, பிறகு ஒவ்வொண்டாய் அமத்தினால் அது என்னெண்டு சொல்லும்?"

லியோன், நீ "அமத்தும்போது பட்டால்" என்றுதான் எழுதியிருந்தாய். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். கண் வாசித்தது, கை வாசிக்கவில்லை. இரண்டு இழை சந்தித்தால் என் விரல் தானாக முடிச்சுப் போடுகிறது, பதின்மூன்று வருடப் பழக்கம். நாற்பது சந்தியும் சிப்பியால் சுரண்டி, இறுக்கி, நல்ல வலைமுடிச்சு. ஒன்றும் தளரவில்லை. அதுதான் பிழை.

தேவராசா அண்ணை பெட்டியைக் கேட்டார். "தா, நான் கடையிலை வைச்சுச் செய்து தாறன்." மாட்டேன் என்றேன். எல்லா முடிச்சையும் அவிழ்த்தேன். நெடுக்குக் கம்பி எட்டையும் கீழே ஓடவிட்டேன். சந்திகளுக்கு இடையில் சைக்கிள் ரியூப்பில் வெட்டிய துண்டுகளை வைத்து, அதற்கு மேலே குறுக்குக் கம்பி ஐந்தையும் ஓடவிட்டேன். முடிச்சு சட்டத்தின் ஓரத்தில் மட்டும். ஓரத்தில் வலைமுடிச்சு விழுந்தால் கம்பி தொய்யாது, அமத்தினால் படும், விட்டால் எழும்பும். முதல் தரம் ரியூப் தடித்துப் போனது. இரண்டாம் தரம் கம்பி அறுந்தது. மூன்றாம் தரம் ஒருவரையும் கூப்பிடவில்லை. நானும் அம்மாவும் தங்கமுத்து அக்காவும் மட்டும்.

முதல் எழுத்தை அமத்தினேன். ரீவியில் விழுந்தது. நாற்பதையும் அமத்தினேன், நாற்பதும் விழுந்தன. நான் அழுதேன். அம்மா பயந்து, "கறண்ட் அடிச்சுப் போட்டுதோ?" என்று என் கையைப் பிடித்தா. கறண்ட் இல்லை அம்மா, நான் செய்துவிட்டேன் என்று சொன்னேன். லியோன், நான் செய்துவிட்டேன்.

அம்மா இப்போது சந்தைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறா. என் புள்ளி முதல் நாள் 40. நேற்று 1,375. உன்னுடைய 4,123-ஐப் பிடிக்காமல் விடமாட்டேன்.

உன் பலகையை ஒரு படம் கீறி அனுப்பு. ஈயத்தாள் எப்படித் தொய்யாமல் நிற்கிறது என்று பார்க்க ஆசை.

உன் அக்கா,
மக்டலீன்


வடக்கு நோர்வே
18.04.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். கெட்டிக்காரி அக்கா! வாசித்துச் சந்தோசப்பட்டேன்.

வேலை கூட. உப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்திருப்பதால் சின்னக் கடிதம். படம் பிறகு கீறுகிறேன். பரீட்சைக்கு எல்லாம் ஆயத்தம். என் புதுப் புள்ளி 5,001.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லியோன்


குருநகர்
10.05.1985

தம்பி லியோனுக்கு,

உன் விரல்கள் ஆறட்டும். தேங்காயெண்ணெய் அங்கே கிடைக்காவிட்டால் வேறு எண்ணெய் பூசு. நாங்கள் உயிரோடு, சுகத்தோடு இருக்கிறோம்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் ஒரு மீனுக்கு ஐந்து புள்ளி. சுறாவுக்கு இருபது. பாறையில் முட்டினால் வள்ளம் போகும், புள்ளி குறையாது. இரண்டு மாதமாக விளையாடுகிறேன், ஐந்திலும் இருபதிலும் தவிர வேறு எதிலும் அது கூடியதில்லை. நீ 4,123 என்று எழுதியபோது கை தவறி எழுதிவிட்டாய் என்று விட்டேன். இப்போது 5,001. முதலாவதில் மூன்று மிச்சம், இரண்டாவதில் ஒன்று மிச்சம். அந்த நாலு புள்ளியையும் எந்தக் கடலில் பிடித்தாய்?

குரக்கனில் நெய் வடியுதென்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போனது? உன் பெட்டி ஒரு நாளும் ஓடவில்லை. நீலக் கடலும் சிவப்பு வள்ளமும் கசெற் உறையில் இருக்கிற படம். அந்தப் படம் என்னிடமும் இருக்கிறது. நீ பொய் சொன்னதற்குக் கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. கணக்குப் பார்க்காமல் பொய் சொன்னாயே, அதற்குத்தான்.

யூன் பதினெட்டுக்கு ஒரு மாதமும் கொஞ்சமும் இருக்கிறது. சுவாமியார் ஒருவர் நாளை கொழும்புக்குப் போகிறார். அங்கிருந்து விமானத் தபாலில் போடச் சொல்லி இதைக் கொடுக்கிறேன். உள்ளே மெல்லிய அட்டையில் கட்டிச் சுருட்டி வைத்திருக்கிற கம்பி வலை உனக்கு. எட்டு நெடுக்கும் போட்டிருக்கிறேன். குறுக்கு இரண்டரைதான் போட்டிருக்கிறேன். இருபது சந்தி என்னுடையது, மிச்சம் இருபது உன்னுடையது. முழுதும் கட்டி அனுப்ப எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். ஆனால் அவர்கள் கண்முன்னால் செய்து காட்டு என்று சொன்னால் நீ என்ன செய்வாய்? ரியூப் துண்டுகளும் இருக்கின்றன. செருப்பை அங்கே தேடிக்கொள்.

உன் ஈயத்தாள் ஏன் நிற்கவில்லை என்று பார்க்காமலே சொல்வேன். பசையால் ஒட்டியிருப்பாய். பசை குளிரில் விடும், தாள் தொய்யும். கட்ட வேண்டியதை ஒட்டக்கூடாது. ஓரத்தில் வலைமுடிச்சு. அதை எப்படிப் போடுவது என்று ஐந்து படங்கள் கீறியிருக்கிறேன். சின்ன வயதில் உனக்குக் காட்ட வந்தபோது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். குருநகரில் வலைமுடிச்சுத் தெரியாத ஒரே ஆம்பிளை நீதான். இப்போது ஓட முடியாது, இருந்து பழகு. முதலில் கயிற்றில் நூறு தரம் போடு, பிறகு கம்பியில் போடு.

லியோன், யூலையில் நீ இங்கே வந்து இறங்கக்கூடாது. கடலைப் பற்றி இரண்டு தரம் கேட்டாய். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான் எழுதலாம். எங்கள் ஒழுங்கையில் உன் வயதுப் பொடியன்களை எண்ண இப்போது ஒரு கை போதும். "வா" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே அந்த இடம் உனக்குக் கிடைக்க வேண்டும்.

பொய்யை விட்டுவிட்டுப் பதில் எழுது.

உன் அக்கா,
மக்டலீன்


வடக்கு நோர்வே
21.06.1985

என் அன்புள்ள அக்காவுக்கு,

இரவிலும் சூரியன் மறையாத காலம் இது. சுகமாக இருக்கிறேன், இந்த முறை உண்மையாகவே.

உங்கள் கடிதம் யூன் ஐந்தாம் திகதி வந்தது. நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஈயத்தாளில் நாலு தரம் செய்தேன், நாலு தரமும் பசை விட்டது. உங்களிடம் முதலில் பெரிதாகக் கதைத்துவிட்டேன். நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்று என்னைப் படிப்பித்தவர். என்னால் முடியவில்லை என்று உங்களுக்கு எப்படி எழுதுவேன்?

கயிற்றில் நூறு தரம் போடச் சொன்னீர்கள். முந்நூறு தரம் போட்டேன். தொழிற்சாலையில் இடைவேளைக்கும் போட்டேன். அந்த நோர்வேக்காரரும் மீன்பிடிக் குடும்பம்தான். நான் போட்ட முடிச்சைப் பார்த்துவிட்டு, "எங்கள் அம்மா போடுகிறதும் இதுதான்" என்றார்.

உங்கள் இருபதுக்குப் பக்கத்தில் என் இருபதையும் கட்டினேன். பதினான்காம் திகதி பெட்டி ஓடியது.

பரீட்சையில் மூன்று பேர் இருந்தார்கள். தலைமை ஆசிரியர் தடித்த பெருவிரலால் நாற்பது எழுத்தையும் ஒவ்வொன்றாக அமத்தினார். நாற்பதும் விழுந்தன. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பிகளைக் கிட்டப் பார்த்தார். "இதில் பாதி ஒரு கையும் மற்றப் பாதி வேறு கையும் செய்திருக்கிறது. எது உன்னுடையது?" என்று கேட்டார்.

அக்கா, முழுதும் என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் அவருக்கு நிரூபிக்க வழியில்லை. ஆனால் நான், "கோணலாக இருக்கிறதுதான் என்னுடையது, நேராக இருக்கிறது யாழ்ப்பாணத்தில் என் அக்கா கட்டியது" என்றேன். மூன்று பேரும் தங்களுக்குள் கதைத்தார்கள். யூலையும் விமானமும்தான் என் கண்ணுக்குள் வந்தன. பிறகு அவர் ஒரு கத்தரிக்கோலை எடுத்து என் கடைசிக் குறுக்குக் கம்பியை நறுக்கென்று வெட்டினார். "இப்போது கட்டு" என்றார்.

கட்டினேன். விரல் வெடிப்பில் இரத்தம் வந்தது, ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். அரை மணித்தியாலம் எடுத்தது. அவர் திரும்ப அமத்தினார், எட்டு எழுத்தும் விழுந்தன.

இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருடம். கடிதத்தின் பிரதி உள்ளே இருக்கிறது, பாசை விளங்காது, ஆனால் அம்மா முத்திரையைப் பார்க்கட்டும். என் முழுப் பெயரும் இருக்கிறது.

பதியும்போது ஒரு படிவம் தந்தார்கள். "முன்பு இத்துறையில் கற்பித்தவர், பெயர், தொழில்" என்று ஒரு இடம் இருந்தது. மக்டலீன், வலை கட்டுபவர், குருநகர் என்று எழுதினேன். தலைமை ஆசிரியர் அதை வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.

என் உண்மையான புள்ளி எண்பத்தைந்து. வள்ளம் பாறையிலேயே போய் முட்டுகிறது.

உங்கள் தம்பி,
லியோன்


குருநகர்
18.07.1985

அன்புத் தம்பி லியோனுக்கு,

மாதா உன்னைக் கைவிடவில்லை. நாங்கள் சுகம். எண்பத்தைந்து என்று எழுதினாயே, ஐந்தால் சரியாகப் பிரிகிறது, நம்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். கத்தரிக்கோல் வந்த இடத்தில் அம்மா "ஐயோ" என்று எழும்பிவிட்டா. இடம் கிடைத்தது என்று வாசித்ததும் என் வாயைப் பொத்தி, "இன்னொருக்கால் வாசி" என்றா. மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பிரதியைக் கொண்டுபோய் ஒழுங்கை முழுக்கக் காட்டிவிட்டு வந்தா. ஒருவருக்கும் ஒரு எழுத்தும் விளங்கவில்லை, எல்லாரும் முத்திரையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா கடலோடு போன வருடம் உனக்கு ஏழு வயது, எனக்குப் பதினாலு. கணக்கில் வகுப்பில் நான்தான் முதலாவது. இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்கலாம் என்றபோது அம்மா உன்னைக் காட்டினா. வலை ஊசியை எடுத்துக்கொண்டு போய் இருந்தேன். ஆனால் லியோன், எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நீ ஒவ்வொரு பரீட்சையும் பாஸ் பண்ணும்போது சந்தோசமும் வந்தது, கோபமும் வந்தது. "கை வைக்க வேண்டாம்" என்று நீ எழுதியபோது பழையது எல்லாம் கிளம்பியது. போன புதன்கிழமை உன் கடிதத்தை வாசித்து முடித்தபோது தேடிப் பார்த்தேன், அந்தக் கோபம் இல்லை. மூன்று படித்த மனிதர்களுக்கு முன்னால், எல்லாவற்றையும் இழக்கக்கூடிய நேரத்தில், நேராக இருப்பது அக்கா கட்டியது என்று சொன்னாயே. எனக்கு அது போதும். என் தம்பி என்று எவருக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இங்கேயும் ஒரு புதினம். தேவராசா அண்ணை நேற்று வந்தார். கையில் அமத்தினால் விழாத மூன்று கல்குலேற்றர்களும் ஒரு தையல் மெசின் மோட்டாரும். "கடையிலை பொடியங்களுக்கு உந்த நுணுக்கம் வராது பிள்ளை, நீ ஒருக்கால் பார்" என்றார். இரண்டு கல்குலேற்றர் ஓடுகிறது. மூன்றாவதை நாளை பார்ப்பேன். கூலி பேசியாயிற்று, வலையைவிடக் கூட.

ஆகவே அந்தப் படிவத்தில் நீ எழுதியது பிழை. முத்திரை குத்தியாயிற்று என்று சாட்டுச் சொல்லாதே. திங்கட்கிழமையே போய்த் தலைமை ஆசிரியரிடம் கேட்டு, தொழில் என்ற இடத்தைத் திருத்து. வலையும் கொம்பியூட்டரும் கட்டுபவர் என்று எழுது.

உன் அக்கா,
மக்டலீன்